பிள்ளையை மட்டும் கேட்காதீர்கள்

அரசுப் பள்ளிக்காக உருகுபவர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. அபூர்வமான இனம் என்று நினைத்துவிடாதீர்கள். தெருவுக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். காலையில் பள்ளிக்கூடத்தைக் கடக்கும்போது வண்டியின் வேகத்தைக் குறைப்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல அதன் கூரையை ஒரு பார்வை பார்ப்பார். நாக்கால் 'த்சொ' என்று ஒரு சத்தம் செய்வார். உடனே வேகத்தைக் கூட்டி, ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் தனியார் பள்ளிக்குப் பறப்பார். பின்னால் அவர் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. மணி அடித்துவிட்டால் அங்கே கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

இதில் ஏதோ இடிக்கிறதே என்கிறீர்களா? அவரிடமே கேட்டுப் பாருங்கள். ஒன்றும் இடிக்காது.

"அரசுப் பள்ளி மாதிரி வருமாங்க? அஸ்திவாரமே அதுதான். நான் அதுல படிச்சவன். இன்னிக்கு நான் என்ன ஆகியிருக்கேனோ அதுக்கு அந்தப் பள்ளிதான் காரணம்."

"அப்போ உங்க பொண்ணு?"

"அவ விஷயம் வேற. அவ கொஞ்சம் சென்சிட்டிவ்."

இந்த இனத்தாருக்குப் பிறக்கும் குழந்தைகள் எல்லாமே சென்சிட்டிவ். மற்றவர்களுக்குப் பிறப்பவை இரும்பில் வார்த்தவை போலிருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இவருடைய அன்பு வெறும் வாயன்பு இல்லை. பள்ளிக்கு மின்விசிறி தருவார், பெஞ்சு தருவார், பழைய கம்ப்யூட்டர் தருவார், அது ஓடாது, ஆனால் துடைத்துத்தான் தருவார். ஆண்டு விழா என்றால் நாற்காலி தருவார், ஒலிபெருக்கி தருவார், அந்த ஒலிபெருக்கியில் உரையும் தருவார். எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லாத கை. பிள்ளையை மட்டும் கேட்காதீர்கள்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். ஒரு மாதிரியை எடுத்து மேஜைமேல் வைத்துப் பார்ப்போம். இவர் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். 'நம்ம பள்ளியைக் காப்போம்' குழுவின் தலைவர். மனைவியைத் தவிர ஊரே அவரைத் தலைவரே என்றுதான் கூப்பிடும். வருடம் தவறாமல் பள்ளிக்குப் பெயின்ட் கொடுப்பவர். எந்தப் பெயின்ட்? அதைக் கேட்டீர்களே, நல்ல கேள்வி. கடையில் வாடிக்கையாளர் சந்தன நிறம் கேட்பார்; மெஷின் கொஞ்சம் கூடுதலாக மஞ்சளைப் பிழிந்துவிடும்; வாடிக்கையாளர் அடித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன, மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கு" என்று டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடுவார். கலந்த நிறத்தை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. அது பள்ளிக்குப் போகும். ஆகவே மூன்றாம் வகுப்பு என்பது ஒரு டாக்டர் வீட்டுக் கூடம் வேண்டாமென்று தள்ளிய பச்சை. ஐந்தாம் வகுப்பு, ஒரு கல்யாண மண்டபம் கோபித்துக்கொண்டு அனுப்பிய ரோஸ். ஊரில் யாருக்கும் பிடிக்காத நிறங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் ஒற்றுமையாக வாழ்கின்றன. ஒவ்வொரு சுவரிலும் கொடுத்தவர் பெயர் மட்டும் ஒரே கறுப்பு. அது புது டப்பா.

குழு கூடும் இடம் கடையின் மாடி. சுற்றிலும் டப்பாக்கள், நடுவில் ஒரு நீள மேஜை, மேஜைமேல் தேநீரும் ஒரு தட்டு பிஸ்கட்டும். உறுப்பினர்கள் பலர் இருந்தாலும் தவறாமல் வருபவர்கள் நாலு பேர்தான். தலைவர் ஒன்று. துணைத்தலைவர் வக்கீல், அவருடைய இரட்டைப் பிள்ளைகள் தனியார் பள்ளியில், ஆனால் வெவ்வேறு தனியார் பள்ளியில், எதற்கும் இருக்கட்டும் என்று. செயலாளர் வேன் ஓட்டுபவர். தனியார் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன். அரசுப் பள்ளி காலியாகிறதே என்று கூட்டத்தில் கண்கலங்குவார். அது காலியாகும் அளவுக்கு அவர் வேன் நிரம்புகிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லுவார். பாவம், ஒளிவுமறைவு தெரியாத மனிதர். நாலாவது, பொருளாளர். பல் டாக்டர் அம்மா. ஊருக்குப் புதிது. கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. இதையெல்லாம் நிஜமென்று நம்பிக் குழுவில் சேர்ந்தவர் அவர் ஒருவர்தான்.

கூட்டம் என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒவ்வொருவரும் "நான் இந்தப் பள்ளியில் படித்தவன்" என்று தொடங்கவேண்டும். வக்கீல் அங்கே படிக்கவில்லை. அவர் "எனக்குக் கொடுத்து வைக்கலை" என்று தொடங்குவார். ஊருக்குப் புதிதான டாக்டர் அம்மாவுக்கு மட்டும் விலக்கு. பிறகு அந்தக் காலத்து வாத்தியார்களின் பிரம்பைப் பற்றி உருக்கமாகப் பேசவேண்டும். பிறகு கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று மேலிடத்துக்கு ஒரு மனு எழுதவேண்டும். அந்த மனு வருடா வருடம் போகிறது. 'ஆவன செய்யப்படும்' என்று பதிலும் வருடா வருடம் வருகிறது. தாழ்ப்பாள்தான் வந்தபாடில்லை. சரியாக வேன் எடுக்கும் நேரத்துக்குச் செயலாளர் எழுந்து, "பசங்க காத்திருப்பாங்க" என்று சாவியை ஆட்டுவார். கூட்டம் முடிந்தது.

அப்படி ஒரு கூட்டத்துக்குத்தான் ஒருநாள் பள்ளியின் தலைமையாசிரியை ஏறி வந்தார். அவர் படியேறி வந்தாலே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். நல்ல சேதியென்றால் தலைவர் மாலையோடு பள்ளிக்குப் போயிருப்பார்.

"ஒண்ணாம் வகுப்புக்கு ஒரு பிள்ளை குறையுது," என்றார். உட்காரக்கூட இல்லை. "திங்கட்கிழமைக்குள்ள சேர்ந்தாகணும். இல்லேன்னா இந்த வருஷம் ஒண்ணாம் வகுப்பே கிடையாதுன்னு உத்தரவு."

"ஒரு வகுப்புதானே டீச்சர்," என்றார் வக்கீல்.

"இந்த வருஷம் ஒண்ணு இல்லேன்னா அடுத்த வருஷம் ரெண்டு இருக்காது. அதுக்கடுத்த வருஷம் மூணு. யாரும் பூட்டுப் போட வேணாம் சார். தானா கரைஞ்சிடும்."

வேன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் மேஜைமேல் உள்ளங்கையை வைத்தார். அது அவர் பேசப்போகிறார் என்பதற்கு அடையாளம்.

"ஒரு பிள்ளை. ஒரே ஒரு பிள்ளை. இவ்வளவு பெரிய ஊர்ல ஒரு பிள்ளை கிடைக்காதா டீச்சர்?"

மேஜைக்கடியிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டது; தட்டில் துழாவி ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று.

அது தலைவரின் கடைக்குட்டி. ஒன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய வயது. மேஜைக்கடியில் நிற அட்டைகளைப் பரப்பி வைத்து, எந்த நிறம் எந்த நிறத்தோடு சண்டை போட்டிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

"ஆனா எங்கன்னு தேடறது?" என்றார் வக்கீல்.

"அந்த வயசுப் பிள்ளை இருக்கற வீடெல்லாம் எனக்கு அத்துப்படிண்ணே," என்றார் வேன்காரர். "ஒண்ணு விடாம நம்ம வண்டிலதான் ஏறுது. இதுல நான் எங்க போய் ஒண்ணைத் தேடுவேன்?"

தலைமையாசிரியை குனிந்து பார்த்தார். "பாப்பாவுக்கு என்ன வயசு?"

"இவளா?" தலைவர் சிரித்தார். "இது சின்னக் குழந்தை டீச்சர்."

"ஆறா?"

"ஆகப்போகுது. ஆனா பார்த்தாத் தெரியாது."

"எங்க சேர்க்கறீங்க?"

"அது... இவளுக்குத் தூசி ஆகாது டீச்சர். சாக்பீஸ் தூசி பட்டா உடனே தும்மல்."

குழந்தை பிறந்ததிலிருந்து பெயின்ட் பொடிக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில் வளர்ந்தது. இன்றுவரை ஒரு தும்மல் கிடையாது. தலைமையாசிரியை மேலே கேட்கவில்லை. எத்தனை தலைவர்களைப் பார்த்தவர் அவர்.

உண்மை என்னவென்றால் தனியார் பள்ளியில் இடம் வாங்குவதற்குத் தலைவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அங்கே குழந்தையைச் சோதிப்பதற்கு முன்னால் அப்பா அம்மாவைச் சோதிப்பார்கள். மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார். இப்படிச் சிரி, அப்படிச் சொல்லு. அந்த நாளும் வந்தது. பள்ளி முதல்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்கள் பொழுதுபோக்கு என்ன, மேடம்?" என்று கேட்டார். "தூக்கம். கிடைச்சா," என்றாள் மனைவி. தலைவருக்கு வியர்த்துவிட்டது. "புத்தகம்னு சொல்ல வந்தாங்க சார். புத்தகம் வாசிச்சாத்தான் தூக்கம் வரும் அவங்களுக்கு," என்று சமாளித்தார். இடம் கிடைத்தது. சீருடை தைத்தாயிற்று, கழுத்துப் பட்டையோடு. எல்லாம் முடிந்த பிறகு இந்தத் தலைமையாசிரியை வந்து வயது கேட்டால்?

ஆகவே தலைவர், தலைவர்கள் செய்கிற காரியத்தைச் செய்தார். ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போகவேண்டும். கதவைத் தட்டிப் பெற்றோரிடம் பேசவேண்டும். என்ன பேசுவது என்று தலைவரே எழுதிக்கொடுத்தார். எல்லோரும் மனப்பாடம் செய்யவேண்டும். நல்ல எழுத்து, குறை சொல்லக்கூடாது. 'வீட்டு வாசலில் இருக்கும் பள்ளியை விட்டுவிட்டுக் குழந்தையை எங்கேயோ அனுப்புகிறோமே, நமக்கு அந்தப் பள்ளிமேல் நம்பிக்கை இல்லையா, நம் குழந்தைமேலேயே நம்பிக்கை இல்லையா?' என்று ஓர் இடம் வரும். அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தவேண்டும். வக்கீலுக்குத் தாழ்த்த வரவில்லை. அவருக்குக் கோர்ட்டுக் குரல். பல் டாக்டர் அம்மாதான் முதல் தடவையே அச்சாகச் சொன்னார். வலிக்காது என்று தினமும் ஊரை நம்பவைக்கிறவர் அல்லவா?

"அபாரம்மா," என்றார் தலைவர். "கல்லும் கரையும்."

இன்னொரு விதியும் போட்டார். யாரும் தன் தெருவில் போய்ப் பேசக்கூடாது. வேறு தெருவுக்குத்தான் போகவேண்டும். "நம்ம தெருக்காரங்களுக்கு நம்மளைத் தெரியும். தெரிஞ்சவங்க சொன்னா எடுபடாது," என்றார். இவ்வளவு உண்மையான வாக்கியத்தை அவர் அதற்கு முன் சொன்னதில்லை. இதைக் கேட்டு மற்றவர்கள் வேகமாகத் தலையாட்டினார்கள். அவரவருக்கு அவரவர் தெரு தெரியும்.

அப்படி மாற்றி மாற்றிப் பிரித்ததில் தலைவரின் தெரு பல் டாக்டர் அம்மாவுக்குப் போயிற்று. அவருக்கோ எது தலைவர் வீடு என்று தெரியாது. கடையைத்தான் தெரியும். இதைத் தலைவர் யோசித்திருக்கலாம். ஆனால் பாருங்கள், குழந்தை குறைகிறது என்றவுடன் ஊர் முழுக்க மனக்கண்ணால் தேடியவருக்குத் தன் வீட்டு வாசலும் ஊரில்தான் இருக்கிறது என்பது கடைசிவரை தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் கதவுகளைத் தட்டினார். எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். பேச்சை முடித்ததும் ஒரு சின்ன இடைவெளி விழும். அதில் வீட்டுக்காரர்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"உங்க பிள்ளை எங்கங்க படிக்குது?"

இதற்கு இந்த இனத்தாரிடம் பரம்பரையாக வரும் ஒரு வைத்தியம் இருக்கிறது. தலைவர் கழுத்தைத் தடவிக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார். தண்ணீர் கொண்டுவர ஆள் உள்ளே போகும். வருவதற்குள் வெயிலைப் பற்றிப் பேச்சைத் திருப்பிவிடலாம். வீட்டுக்கு வீடு தண்ணீர் குடித்துத் தெருக்கோடிக்கு வந்தபோது அவருக்கு நடப்பதே சிரமமாக இருந்தது. ஒரு குழந்தையும் கிடைக்கவில்லை.

அதே நேரத்தில் அவர் வீட்டில் நடந்ததை அவர் பிற்பாடு துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டார். நாம் முழுசாகவே பார்த்துவிடுவோம்.

பல் டாக்டர் அம்மா கதவைத் தட்டினார். தலைவரின் மனைவி ஈரக் கையோடு திறந்தாள். டாக்டர் அம்மா மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினார். மனைவி கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். இரண்டாவது வாக்கியத்திலேயே அவளுக்கு ஏதோ பொறி தட்டியிருக்கவேண்டும், ஏனென்றால் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். 'நம் குழந்தைமேலேயே நம்பிக்கை இல்லையா?' என்ற இடம் வந்தது. டாக்டர் அம்மா குரலைத் தாழ்த்தினார். கல் கரைந்ததா தெரியாது. மனைவி கேட்டாள்:

"ரொம்ப நல்லாருக்கு. இது யார் எழுதினது?"

"எங்க தலைவர்ங்க. அவருக்கு இந்தப் பள்ளின்னா உயிர்."

"அப்படியா? நேர்ல பார்த்தா இவ்ளோ நல்லவர்னு தெரியாது, இல்ல?"

"அக்கா, உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"பார்த்திருக்கேன். சாப்பிட வருவார்," என்றாள் மனைவி. டாக்டர் அம்மாவுக்கு விளங்கவில்லை. மனைவி உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். "குட்டி, இங்க வா. அந்தப் பெரிய மரம் இருக்கற பள்ளிக்கூடம் தெரியுமில்ல, சமையக்கட்டு ஜன்னல்ல தெரியுமே? அங்க போறியா?"

"அங்க டை கட்டணுமா?"

"வேணாம்."

"போறேன்," என்று உள்ளேயிருந்தே பதில் சொன்னது குட்டி.

மனைவிக்கு இது திடீர் யோசனை என்று நினைக்காதீர்கள். மூத்தவனை அந்தத் தனியார் பள்ளியில் சேர்த்து அவள் பட்டாயிற்று. விடிவதற்கு முன் எழுப்பி, அரைத் தூக்கத்தில் பல் விளக்கி, வேனில் திணித்து அனுப்பினால், இருட்டும் நேரத்துக்கு அதே அரைத் தூக்கத்தோடு வந்து இறங்குவான். நடுவில் என்ன நடந்தது என்று அவனும் சொன்னதில்லை. கேட்க அவளுக்கும் தெம்பில்லை. கடைக்குட்டியையாவது விழித்திருக்கும்போது பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. அன்றே குட்டியைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியை வீட்டுக்குப் போனாள். பெயர் கொடுத்தாள். "அவர்கிட்ட நானே சொல்லிக்கறேன் டீச்சர்," என்றும் சொன்னாள்.

சொல்லவும் பார்த்தாள். சாயங்காலம் தலைவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே செயலாளர் போன் செய்துவிட்டார்: பிள்ளை கிடைச்சாச்சுண்ணே, டாக்டரம்மா பிடிச்சிட்டாங்க, யாரோ ஒரு வீட்ல அம்மாவே ஒத்துக்கிட்டாங்களாம். தலைவர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். திங்கட்கிழமை பள்ளியில் விழா எடுக்கவேண்டும், உரை தயாரிக்கவேண்டும்.

"என்னங்க, ஒரு விஷயம் சொல்லணும்," என்றாள் மனைவி.

தலைவர் ஒரு கையை உயர்த்தினார். "இப்ப எதுவும் சொல்லாதே. வரி ஓடிட்டிருக்கு."

"குட்டி விஷயம்ங்க."

"அதெல்லாம் அப்புறம்."

சரி என்று அவள் உள்ளே போய்விட்டாள். சொல்லவில்லை என்று பின்னால் அவர் குற்றம்சாட்டியபோது, வரி ஓடிக்கொண்டிருந்ததை மட்டும் நினைவுபடுத்தினாள்.

திங்கட்கிழமை பள்ளி முற்றத்தில் நாற்காலிகள். உபயம் தலைவர். ஒலிபெருக்கி. அதுவும் தலைவர். வக்கீல், வேன்காரர், டாக்டர் அம்மா எல்லோரும் மேடையில். பெற்றோர்கள் எதிரே. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு அறைக்குள் காத்திருக்கிறார்கள். உரை முடிந்ததும் வரிசையாக வந்து கைதட்டு வாங்கவேண்டும் என்று ஏற்பாடு. தலைமையாசிரியை தலைவரிடம் வந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். தலைவர் அதே கையை உயர்த்தினார். எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பள்ளியில படிச்சவன் நான்," என்று ஆரம்பித்தார். பிரம்பு வந்தது. அஸ்திவாரம் வந்தது. பிறகு அவரே எதிர்பாராத அளவுக்கு உணர்ச்சி வந்தது.

"இந்தப் பள்ளியோட உயிர் ஒரே ஒரு பிள்ளைல தொங்கிட்டிருந்துது. எத்தனையோ வீட்டுக் கதவைத் தட்டினோம். எல்லாரும் தலையாட்டினாங்க. பிள்ளையைத் தரலை. நான் கேக்கறேன், இது நியாயமா? பள்ளி வேணும், ஆனா என் பிள்ளை வேற எங்கயோ படிக்கணும்னா, அது என்ன அன்பு?"

வக்கீல் நாற்காலியில் நெளிந்தார்.

"ஆனா ஒரு வீட்ல ஒரு தகப்பன் இருந்திருக்கார். அவர் யாருன்னு எனக்குத் தெரியாது. பணக்காரரோ ஏழையோ, தெரியாது. சொல்லுக்கும் செயலுக்கும் இடைவெளி இல்லாத மனுஷன். அவர் கால்ல விழுந்தாலும் தப்பில்ல. அந்தத் தகப்பனார் இந்த இடத்துல இருந்தா, தயவுசெஞ்சு எழுந்து நிக்கணும். நாங்க எல்லாரும் பார்க்கணும்."

கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஒருவரும் எழவில்லை. மேடையில் இருந்தவர்களும் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். அந்த முற்றம் முழுவதிலும் நின்றுகொண்டிருந்த தகப்பன் ஒரே ஒருவர்தான். அவர் கையில் மைக் இருந்தது.

"கூச்சப்பட வேணாம்," என்றார் அவர்.

ஒன்றாம் வகுப்பு வாசலில் காத்திருந்த குட்டிக்குப் பொறுமை போய்விட்டது. வெளியே ஓடி வந்தது. கழுத்துப் பட்டை இல்லை. புதுப் பை முதுகில் ஆடியது.

"அப்பா, முடிச்சிட்டியா? எங்களை எப்பக் கூப்பிடுவே?"

மைக் அதையும் ஊருக்குச் சொல்லிற்று.

டாக்டர் அம்மா குழந்தையைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். 'சாப்பிட வருவார்' என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கண்ணில் நீர் தளும்பக் கைதட்டினார். அவரைப் பார்த்துக் கூட்டமும் தட்டிற்று. "தன் பிள்ளையையே கொடுத்திட்டு யாருன்னு தெரியாதுன்னு சொன்னாரே, என்ன அடக்கம்," என்று முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். தலைவர் கூட்டத்தில் மனைவியைத் தேடினார். அவள் கடைசி வரிசையில் நிதானமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து தலைவர் பேசாத பேச்சில்லை. "இப்ப நான் என்ன பண்றது? அங்க இடம் வாங்க நாயா அலைஞ்சேனே. நாளைக்கே இவளை எடுத்தா ஒண்ணாம் வகுப்பை நானே மூடின மாதிரி ஆகும். எடுக்கலேன்னா இவ எதிர்காலம்?"

"உக்காருங்க," என்றாள் மனைவி. "காலைலேர்ந்து நின்னுட்டே இருக்கீங்க."

எடுக்க முடியவில்லை. எப்படி எடுப்பார்? ஊரே கைதட்டிவிட்டது. தட்டிய கையைத் திருப்பி வாங்க வழியில்லை.

வகுப்பு தொடங்கிய முதல் நாள் சாயங்காலம் குட்டி பள்ளியிலிருந்து ஓட்டமாக ஓடி வந்தது. வீட்டுக் கழிப்பறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டது. காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்ததாம். "அங்க கதவு மூடாதுப்பா. ஒருத்தி பிடிச்சிக்கணும். அவ பாதில விட்டுட்டு ஓடிடுவா," என்று உள்ளேயிருந்தே விளக்கம் சொன்னது.

மறுநாள் காலை தலைவர் தச்சரைக் கூட்டிக்கொண்டு பள்ளியில் நின்றார். இத்தனை வருட மனுக்களுக்கும் ஆவன செய்யப்பட்டது அன்றுதான். தாழ்ப்பாள் போட எவ்வளவு நேரம் ஆயிற்று என்கிறீர்கள்? தச்சர் தேநீர் குடித்து முடிக்கவில்லை.

அப்புறம் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று குட்டி சொன்னது. தலைவர் தொட்டிமேல் ஏறினார். கணக்கு டீச்சரை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னது. தலைவர் கல்வி அலுவலகத்துக்குப் போனார். அந்த அலுவலகத்துக்கு அவர் புதியவரல்ல. 'காப்போம் குழுத் தலைவர்' என்று சொன்னால் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து வழியனுப்புவார்கள். இந்தத் தடவை அவர் அதைச் சொல்ல மறந்துவிட்டார். "என் பொண்ணு அங்க படிக்கறா சார். அவளுக்கு யார் கணக்குச் சொல்லித்தரப் போறா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். தேநீர் வரவில்லை. டீச்சர் வந்தார். ஒன்றாம் வகுப்புச் சுவருக்குப் பெயின்டும் அடித்தார். திரும்பி வந்த டப்பா அல்ல. குட்டி அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறம். கண்றாவியான நிறம். கொடுத்தவர் பெயர் எழுத நேரமில்லை. தொட்டிக்கு மூடி போட ஆள் காத்துக்கொண்டிருந்தான்.

இத்தனையும் பார்த்துக் குழு பூரித்துப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்குக் குழுக்களைத் தெரியாது.

அவசரக் கூட்டம் கூட்டினார்கள். வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"தலைவர் மேல எங்களுக்கு மதிப்புண்டு. ஆனா கொஞ்ச நாளா ஒரு மாற்றம் தெரியுது. முன்னெல்லாம் பள்ளியைப் பத்தி எவ்ளோ உயர்வாப் பேசுவார். இப்ப வாயைத் திறந்தா குழாய், தாழ்ப்பாள், தொட்டி. இதெல்லாம் சொந்த விஷயம்."

"சொந்த விஷயமா?"

"உங்க பொண்ணு அங்க படிக்குது. அப்போ அது சொந்த விஷயம்தானே? பொதுநலக் குழுன்னா நடுநிலை வேணும் தலைவரே. பிள்ளை அங்க படிக்கற ஒருத்தர் எப்படி நடுநிலையா இருக்க முடியும்?"

டாக்டர் அம்மா ஏதோ சொல்ல எழுந்தார். அதற்குள் வேன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சட்டப்படி வக்கீல் சொல்றது சரிதானேண்ணே," என்றார். கையைத் தூக்கினார்கள். தலைவரை நீக்கினார்கள். அவர் கடை மாடியில், அவர் வாங்கிவைத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே நீக்கினார்கள். வக்கீல் தலைவரானார். முதல் வேலையாகக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கேட்டு மேலிடத்துக்கு மனு எழுதினார்கள். தாழ்ப்பாள் போட்டாயிற்றே என்று டாக்டர் அம்மா சொன்னார். அது முறைப்படி வந்ததில்லை என்று பதில் கிடைத்தது.

நம் மனிதர் திருந்திவிட்டார் என்று முடித்தால் உங்களுக்கு மனம் குளிரும். ஆனால் அவர் முன்னைவிடப் பெரிய தொல்லையாகிவிட்டார். கடைக்குப் பெயின்ட் வாங்க வருகிறவரிடம் கேட்கிறார். சலூனில் பாதி முடி வெட்டிய நிலையில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கிறார். வக்கீலை நடுரோட்டில் நிறுத்திக் கேட்டார்.

"ஆமா, உங்க பசங்க எங்க படிக்கறாங்க?"

எங்கே படிக்கிறார்கள் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். வக்கீலும் சளைத்தவரல்ல. கழுத்தைத் தடவிக்கொண்டு பக்கத்துக் கடையைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார்.

இதைப் படித்துக்கொண்டு வந்த நீங்கள், வழியில் இரண்டொரு இடத்தில் சிரித்திருப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் முகம் வந்திருக்கும். இதை அவருக்குப் படிக்கக் கொடுக்கவேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாகக் கொடுங்கள். அவரும் சிரிப்பார், உங்களை நினைத்துக்கொண்டு. போகட்டும், உங்கள் பிள்ளை விஷயம் வேறு; கொஞ்சம் சென்சிட்டிவ், எனக்குத் தெரியாதா?

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். மனிதர் ஒவ்வொரு தெருவாக முடித்துக்கொண்டு வருகிறார். ஒருநாள் உங்கள் கதவையும் தட்டுவார். எதற்கும் ஒரு டம்ளர் தண்ணீரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்காக இல்லை.